வெள்ளிக்கிழமை இதழ்

தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எங்கள் எல்லைப் பகுதியில் 1946 முதல் 1961 வரை ஒரு சிறு வார இதழ் வந்துகொண்டிருந்தது. நான்கே பக்கம். வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும். செங்கோட்டையில் எண்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தக் கிழமையைத்தான் முதலில் சொல்வார்கள். பள்ளி விட்டு வரும்போது அச்சகத்து வாசலில் ஈர மை மணக்கக் கட்டுக் கட்டாக அடுக்கியிருப்பார்களாம். அந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, பட்டியலிட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினோம். ஏற்றி ஏழு மாதம் ஆன பிறகு, ஆரியங்காவிலிருந்து வந்து உதவிக்கொண்டிருந்த பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சார், இது வெள்ளிக்கிழமை இதழ்தானே? இங்கே இத்தனை சனிக்கிழமை எப்படி வந்தது?"

எண்ணினோம். 1956 நவம்பருக்கு முந்தைய இதழ்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சனிக்கிழமையில் விழுந்திருந்தன. நடுநடுவே ஞாயிற்றுக்கிழமையும் தலைகாட்டியது.

காரணம் புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. இங்கே பத்திரம், பஞ்சாங்கம், பள்ளிப் பதிவேடு எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டுதான் முன்னால் நிற்கும். எங்கள் வார இதழும் இணைப்பு நாள் வரை முகப்பில் ஆங்கிலத் தேதி இல்லாமல் கொல்லம் ஆண்டையும் தமிழ் மாதத்தையுமே போட்டு வந்தது. பட்டியல் போடத் தொடங்கிய நாளில், "கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்" என்று இளைஞர்களிடம் சொன்னது நான். ஜனவரி தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரைதான் அந்தக் கணக்கு சரி. கொல்லம் ஆண்டு எங்கள் பக்கத்தில் ஆவணியில் பிறக்கிறது, மலையாளத்தில் சிங்ஙம். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-தான் கூட்ட வேண்டும். 1129 ஆடி என்றால் 1954. அடுத்த மாதம் 1130 ஆவணி, அதுவும் 1954-தான். 825 கூட்டினால் அது 1955 ஆகிவிடும். ஓர் ஆண்டு தள்ளிப் போனால் கிழமை ஒன்று நகரும், இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு. சனியும் ஞாயிறும் வந்த வழி அது.

ஆண்டின் பிற்பாதியில் வந்த இதழ்கள் அத்தனையும் ஒரு வருடம் தள்ளி உட்கார்ந்திருந்தன. முகப்பிலேயே "ஜய" என்று தமிழ் வருடப் பெயரும் சின்னதாக அச்சிட்டிருந்தது. ஜய வருடம் 1955 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. 1955 ஆவணி என்றால் அங்கே "மன்மத" என்று இருந்திருக்க வேண்டும். எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த சாட்சியை நாங்கள் கேட்கவில்லை.

இதில் ஒரு மனிதருக்கு நான் செய்த அநியாயமும் இருக்கிறது. 1954 ஆகஸ்டு 11, புதன்கிழமை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்த வார வெள்ளி இதழில் ஒரு சின்னக் கட்டச் செய்திதான் இருந்தது. அச்சேறும் நேரத்தில் விவரம் வந்திருக்காது, அது நியாயம். அடுத்த வார இதழைப் பட்டியலிலிருந்து திறந்தால், துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கடுத்த இதழிலும் இல்லை. மழை, சந்தை நிலவரம், கோயில் கொடை. ஊர் வாசகசாலையில் நடந்த ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, "நம் ஊர் இதழ் அன்றைக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டது" என்று பேசினேன். அந்த இதழின் ஆசிரியர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவருடைய மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் திறந்து பார்த்தது 1953 ஆவணி இதழ். 825 கூட்டியதால் அது 1954-இல் வந்து உட்கார்ந்திருந்தது. உண்மையான 1954 ஆவணி இதழ் 1955 என்ற பெயரில் வேறு அடைவில் கிடந்தது. அதன் முதல் பக்கம் முழுவதும் துப்பாக்கிச் சூடும் கைதானவர்கள் பட்டியலும்தான்.

பழைய நாளிதழ்களை மின்னாக்கம் செய்வது பற்றி யார் கேட்டாலும் நான் கேமராவைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. தேதியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன். படம் மங்கலாக இருந்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். தேதி தவறாக இருந்தால் யாருக்கும் தெரியாது. படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு நம்பிக்கையோடு தவறான வரலாற்றை எழுதிவிடுவார்கள், நான் பேசியது போல.

கோப்புக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே மூன்று தேதிகளையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள்: முகப்பில் அச்சிட்டுள்ளபடி கொல்லம் தேதி, தமிழ் வருடப் பெயர், நீங்கள் கணக்கிட்ட ஆங்கிலத் தேதி. நான்காவது கட்டத்தில் கிழமை தானாக வரும்படி செய்யுங்கள். எந்தக் கணக்குத் தாளிலும் தேதியிலிருந்து கிழமையை எடுக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. வெள்ளி இல்லாத வரிகள் சிவப்பாகத் தெரியட்டும். எல்லைப் பகுதி இதழ் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: தமிழ் மாதப் பிறப்பும் மலையாள மாதப் பிறப்பும் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின்னாக வரும். சில சிவப்பு வரிகள் அதனாலும் வரும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற வரிசையில் இலக்கங்களால் வையுங்கள்: 1954-08-20-01. அப்போதுதான் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். "ஆவணி மூன்றாவது இதழ் முதல் பக்கம் புதியது" என்று பெயர் வைத்த கோப்புகள் எங்களிடம் இருநூறு இருந்தன. அவற்றைச் சீர்படுத்தவே ஒரு மாதம் போயிற்று.

தேதி கிழிந்துபோன தாள் என்றால் விலையைப் பாருங்கள். சக்கரக் கணக்கில் விலை போட்டிருந்தால் திருவிதாங்கூர் நாணயம் புழங்கிய காலம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அணா என்றால் அதற்குப் பிறகு. நயா பைசா என்றால் 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் இருக்க வழியே இல்லை. இப்படி விலையை வைத்தே பதினோரு துண்டுத் தாள்களுக்கு நாங்கள் காலம் குறித்திருக்கிறோம்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த இன்னொரு தவறு, எதை முதலில் எடுப்பது என்பதில். வாசகசாலை மரப்பீரோவில் இரண்டு வகைக் கட்டுகள் இருந்தன. ஒரு பக்கம் காலிகோ துணி ஒட்டி அழகாகக் கட்டிய சுதேசமித்திரன், தினமணித் தொகுதிகள். மறுபக்கம் சணல் கயிறு போட்டுக் கட்டிய எங்கள் ஊர் வார இதழ். அழகாக இருந்ததை எடுத்தோம். மூன்று வாரம் அதிலேயே போயிற்று. சுதேசமித்திரன் 1882-இல் வார இதழாகத் தொடங்கி 1899-இல் நாளிதழானது. தினமணி 1934-இல் வந்தது. இப்படிப்பட்ட பெரிய பத்திரிகைகளை ஒரு நூலகத்தில் கிடைக்காவிட்டால் இன்னொரு நூலகத்தில் தேடிப் பிடிக்கலாம். சென்னையில் 1994-இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பணியைச் செய்கிறார்கள். எங்கள் வார இதழை நான் தேடிய எந்த நூலகத்துப் பட்டியலிலும் காணவில்லை. வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்தித்தாள்களைச் சேர்த்ததே 1956-இல்தான். அதற்கு முந்தைய சிற்றூர் இதழ்கள் வீட்டுப் பரணிலும் பலசரக்குக் கடையிலும் போய் முடிந்தன. உங்களிடம் மட்டும் இருப்பதை முதலில் எடுங்கள். அழகான தொகுதி காத்திருக்கும்.

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்தித்தாள் காகிதம் மரத்தை அரைத்துச் செய்த கூழ். மரத்தின் லிக்னின் அதிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும், அமிலம் கூடும், நார் ஒடியும். எங்கள் ஊரில் இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று கதவை மூடினாலும் உள்ளே ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். அந்த மாதங்களில் தாள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மேலே வைக்கும் கண்ணாடி வியர்க்கும். பங்குனி, சித்திரையில் அதே தாளை மடிப்பில் தொட்டால் அப்பளம் போல உடையும். நாங்கள் கண்டுகொண்ட நல்ல காலம் தை, மாசி. பிறகு சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்திவிடுவோம். ஒரு நாளைக்கு நாற்பது பக்கத்துக்கு மேல் எடுத்ததில்லை. அதிகம் எடுத்த நாட்களில்தான் தாள் கிழிந்தது.

செல்லோடேப் ஒட்டாதீர்கள். முப்பது வருடத்துக்கு முன் யாரோ நல்லெண்ணத்தில் ஒட்டிய நாடா இப்போது பசை கசிந்து, அதன் அடியில் இருந்த எழுத்தைத் தேன் நிறத்தில் மூடிவிட்டது. பிரித்தால் மை அதோடு வந்துவிடுகிறது. கிழிந்த இடத்தைச் சேர்க்க வேண்டுமானால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். அதையும் தெரிந்தவரிடம் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். படமெடுப்பதற்கு மட்டும் என்றால் ஒட்டவே வேண்டாம். துண்டுகளை இடத்தில் பொருத்தி, மேலே கண்ணாடியை வைத்து எடுத்தால் முடிந்தது. பூஞ்சை இருக்கும் தாளை முகமூடி இல்லாமல் புரட்டாதீர்கள். எங்கள் அண்ணாச்சி, வாசகசாலையை நாற்பது வருடமாகத் திறந்து மூடுகிறவர், இரண்டு வாரம் இருமலில் படுத்துவிட்டார்.

கேமரா, கல்யாணப் படம் எடுக்கும் ஒரு தம்பி கொடுத்தது. 24 மெகாபிக்சல். கேமராவை மேலிருந்து கீழே பார்க்கும்படி நிறுத்த உள்ளூர்த் தச்சர் தேக்குச் சட்டம் செய்து கொடுத்தார். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே நிற எல்இடி விளக்கு. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பக்கம் நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் வரும். தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவது பெருமளவு குறையும். இந்த ஒரு காரியத்தை முன்பே செய்திருந்தால் முதல் 300 பக்கங்களைத் திரும்ப எடுத்திருக்க வேண்டாம்.

"எத்தனை டிபிஐ", அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, என்று எல்லோரும் கேட்பார்கள். கேமராவில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். படத்தின் நீளப் பிக்சலைத் தாளின் நீள அங்குலத்தால் வகுங்கள். எங்கள் வார இதழ் பதினேழரை அங்குல நீளம். 6000 பிக்சலை அதால் வகுத்தால் அங்குலத்துக்கு 343 புள்ளி. படிக்கவும், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரிக்குக் கொடுக்கவும் தாராளம். அதே கேமராவில் 22 அங்குல நாளிதழ்த் தாளை எடுத்தால் 273-தான் வரும். பொடி எழுத்து விளம்பரம் படிக்க முடியாமல் போகும். அதை மேலும் கீழுமாக இரண்டு படமாக எடுக்க வேண்டும். அமெரிக்க நூலகங்கள் தேசிய அளவில் செய்யும் நாளிதழ் மின்னாக்கத்தில் 300 முதல் 400 புள்ளி வரை கேட்கிறார்கள். முடிந்தவர்கள் 400-ஐ எட்டட்டும். 300-க்குக் கீழே இறங்காதீர்கள்.

வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 72 எம்பி. எங்கள் 2400 பக்கத்துக்கு 170 ஜிபிக்கும் மேல். மூன்று படி வைத்தோம். ஒன்று வாசகசாலையில், ஒன்று என் வீட்டில், ஒன்று தென்காசியில் உறவினர் வீட்டில். ஐப்பசி இடியில் வாசகசாலையில் இருந்த வன்தட்டு போயே போயிற்று. மற்ற இரண்டு இருந்தன.

தொகுதியாகத் தைத்திருந்த ஆறு வருட இதழ்கள்தான் பெரிய சோதனை. பைண்டர் ஓரத்தில் ஆழமாகத் துளையிட்டுத் தைத்துவிட்டதால் உள்பத்தியின் கடைசி இரண்டு எழுத்து மடிப்புக்குள் போயிருந்தது. வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து முதுகை வெட்டிவிடலாம், வேலை ஒரு நாளில் முடியும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மைக்ரோபிலிம் எடுத்துவிட்டு மூலத் தொகுதிகளைத் தள்ளிவிட்ட பெரிய நூலகங்கள் அமெரிக்காவிலேயே உண்டு; பிறகு பிலிமில் படம் கறுத்தும் பக்கம் விட்டும் இருந்தபோது திரும்பிப் பார்க்க மூலம் இல்லை. நாங்கள் நூலை மட்டும் கத்தரித்து, தாளின் ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு, எடுத்து முடித்ததும் அதே வரிசையில் அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில் வைத்தோம். இரண்டு மாதம் கூடுதலாக ஆயிற்று. வருத்தமில்லை.

பதினாறு வருடத்துக்கு 800 இதழாவது வந்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது 600-க்குச் சற்று மேல். இல்லாத ஒவ்வொரு இதழுக்கும் "இந்த இதழ் கிடைக்கவில்லை" என்று ஓர் அட்டை எழுதி, அதையும் படமெடுத்து, அதன் தேதியில் ஏற்றினோம். வெற்று அட்டையை எதற்கு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் புனலூரிலிருந்து ஒருவர் பேசினார். அவருடைய பாட்டியின் டிரங்குப் பெட்டி அடியில் விரித்திருந்த தாளில் அதே தேதி இருக்கிறதாம். பாச்சை உருண்டை வாசத்தோடு பஸ்ஸில் எடுத்து வந்து தந்தார். இப்படி ஒன்பது இதழ் வந்து சேர்ந்தன.

எழுத்துணரியைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் அதிகம். டெசராக்ட், கூகுள் எழுத்துணரி இரண்டையும் ஓட்டினோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பும், ணா, றா, னாவுக்குச் சுழித்த வடிவமும் இருக்கும். இந்த வடிவங்களில்தான் அது அதிகம் தடுக்கியது. யூனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது. இரண்டும் ஒரே எழுத்துதான், வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. ஆகவே தட்டச்சு செய்கிறவர்கள் இன்றைய வடிவத்தில் தட்டினால் போதும். பக்கத்தைச் செங்குத்துப் பத்திகளாகப் பிரிக்காமல் கொடுத்தால் எழுத்துணரி முதல் பத்தியின் வரியையும் மூன்றாம் பத்தியின் வரியையும் சேர்த்துப் படித்து, அங்காடி விலையோடு மரண அறிவிப்பைக் கோத்துவிடும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள்.

எல்லாப் பக்கத்தையும் திருத்தி முடிக்க எங்களுக்கு ஆயுள் போதாது. தலைப்பு, ஆள் பெயர், ஊர்ப் பெயர் மூன்றை மட்டும் கையால் பட்டியலிட்டோம். என் கணிப்பில் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓர் ஊரையோ ஓர் ஆளையோதான் தேடுகிறார்கள். திருவிதாங்கூர், திருவாங்கூர் என்று இதழிலேயே இரண்டு விதமாக வரும். தேடுபவர் எதைத் தட்டினாலும் கிடைக்க இரண்டையும் இணைத்து வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் மண்ணின் சொல் தெரிந்தவர் வேண்டும். சென்னையிலிருந்து ஆர்வத்தோடு உதவிய மாணவர்கள் "தாலுகா கச்சேரி" என்று வந்த செய்திகளையெல்லாம் இசை என்ற தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டார்கள். எங்களுக்குக் கச்சேரி என்றால் அலுவலகம். "கரம்" என்றால் வரி. "ஆதாரம்" என்றால் பத்திரம். "பகுதி" என்றால் வருவாய்க் கிராமம். "அஞ்சல்" என்பது திருவிதாங்கூர் அரசு தனியாக நடத்திய தபால். 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது, அதுவரை இரண்டும் வெவ்வேறு. குற்றம் மாணவர்கள் மேல் இல்லை. பட்டியல் போடுவதற்கு முன் நூறு சொற்களுக்கு ஓர் அகராதி எழுதி அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டியது எங்கள் கடமை. பிறகு ஆரியங்காவுப் பெண்ணும் அண்ணாச்சியும் சேர்ந்து எழுதினார்கள். அந்த அகராதியையும் இதழ்களோடு ஏற்றியிருக்கிறோம்.

பதிப்புரிமைக்கு வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டோம். எழுதியவர் பெயர் இல்லாத செய்திக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1961 இதழின் பெயரில்லாச் செய்திகள் 2022 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. பெயரோடு எழுதிய கதை, கவிதைக்கு எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டு. அப்படிப் பெயர் உள்ள பக்கங்களுக்கு வாரிசுகளைத் தேடிக் கடிதம் வாங்கினோம். கிடைக்காத பன்னிரண்டு பக்கங்கள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் சுலபமாக இருந்துவிடுவதில்லை. ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தாத்தா திருட்டு வழக்கில் கைதான செய்தி எங்கள் தொகுப்பில் வருகிறது, எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். குரல் நடுங்கியது. அச்சான பக்கத்தை அழிப்பது எனக்கு ஒப்பவில்லை. அவருடைய வலியைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அண்ணாச்சி அடுத்தடுத்த இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐந்து மாதம் கழித்து நான்காம் பக்கத்தின் அடியில், கோர்ட்டுச் செய்திகளுக்கு நடுவே, அதே மனிதர் குற்றமற்றவர் என்று விடுதலையான செய்தி மூன்று வரியில் இருந்தது. முதல் செய்தியின் குறிப்பில் அதைச் சேர்த்து, ஒன்றைத் திறந்தால் மற்றதும் தெரியும்படி செய்தோம். விடுதலையான விவரம் அந்தக் குடும்பத்துக்கே தெரியாமல் இருந்தது. இப்போது வழக்குச் செய்தி எதைப் பட்டியலிட்டாலும், தீர்ப்பு எங்கே என்று முன்னோக்கித் தேடாமல் விடுவதில்லை.

எங்கே ஏற்றுவது என்பதில் என் கருத்து உறுதியானது. உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் வைக்காதீர்கள். எங்கள் முதல் தளம், ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்த ஒரே காரணத்தால் ஒரு நாள் காணாமல் போயிற்று. இண்டர்நெட் ஆர்க்கைவ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற, நம் ஆயுளைத் தாண்டி இருக்கக்கூடிய இடங்களில் ஒரு படியாவது இருக்கட்டும். ஈழத்தமிழர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் பாருங்கள்; தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அங்கே பார்த்துத்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது. ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் தளத்தில் பழைய நாளிதழ் வரிகளை வாசகர்களே திருத்துகிறார்கள். எங்களால் அவ்வளவு முடியவில்லை. பிழை கண்டால் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டோம்.

தேதிகளைத் திருத்தி முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. முடிந்த மறுநாள் 1954 ஆகஸ்டு 20 இதழின் முதல் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து, மூலத் தாளையும் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன். ஆசிரியரின் மகள் திண்ணையில் அமர்ந்திருந்தார். கூட்டத்தில் நான் பேசியது தவறு என்று சொன்னேன். எப்படித் தவறானது என்று 824, 825 கணக்கையும் விளக்கினேன். அவர் கணக்கைக் கேட்கவில்லை. அச்செடுத்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, மூலத் தாளைத்தான் மடியில் விரித்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைதானவர்கள் பட்டியலில் விரலை மெதுவாக நகர்த்தினார். நான்காவது வரியில் நிறுத்தினார்.

"இந்த 'லை' தலைகீழாக நிற்கிறது, பார்த்தீர்களா?"

பார்த்திருந்தேன். பட்டியலில் அதைத் "தாள் சேதம்" என்று குறித்து வைத்திருந்தோம்.

"அன்றைக்குக் கம்போசிட்டர் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று அப்பாதான் சொல்லியனுப்பினார். போலீஸ் வந்தால் தன்னோடு போகட்டும் என்று. ராத்திரி முழுக்க அப்பாவே நின்று எழுத்துக் கோத்தார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. தூங்கித் தூங்கி விழுவேன், விளக்கு ஆடும்."

பிறகு இரண்டு வரி கீழே இறங்கி, ஒரு பெயரின் முன்னெழுத்தைக் காட்டினார். "இது சு இல்லை. சூ. புளியரைக்காரர். சுழி அச்சில் விழவில்லை. உங்கள் பட்டியலில் எப்படி இருக்கிறது?"

சு என்றுதான் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தபடியே ஆரியங்காவுப் பெண்ணுக்குப் பேசினேன். அவள் பட்டியலைத் திறந்து, "எந்தத் தேதி சார்?" என்று கேட்டாள்.